பேசாவிட்டாலும் குடித்தனம்தான்

‘குடித்தனம்’ கம்ப்யூட்டர் விளையாட்டைத் தயாரிப்பவர்களுக்கு,

இது உங்களுக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் பதில் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். இரண்டும் ஒரே பதில். “அன்புள்ள வீரர் அவர்களே, தங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். உரிய பிரிவின் கவனத்துக்குக் கொண்டு சென்றுள்ளோம்.” நான் வீரன் இல்லை. பேருந்து நிறுவனத்தில் புகார்ப் பிரிவு எழுத்தர். உரிய பிரிவு என்றால் என்னவென்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் அலுவலகத்தில் அது என் மேஜைக்குப் பின்னால் நிற்கும் இரும்பு அலமாரி.

ஆகவே இந்த முறை நடந்ததை விட்டுவிடாமல் எழுதுகிறேன். விஷயம் முதலில், விவரம் பிறகு, கோரிக்கை கடைசியில் என்றுதான் எங்கள் ஊர்ப் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள்.

விஷயம் இதுதான். உங்கள் புதிய விளையாட்டு என் அக்காவை வீட்டைவிட்டு அனுப்பிவிட்டது. அனுப்பியது நான்தான் என்று அக்கா நினைக்கிறாள். நான் அனுப்பவில்லை என்று நீங்கள் எழுத்தில் தர வேண்டும். ஒரு வரி போதும். அடுத்த வாரம் அவளுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை. என்னைப் பற்றி இப்படி ஒரு எண்ணத்தோடு அவள் ஆஸ்பத்திரிக்குள் போகக்கூடாது.

இனி விவரம்.

நான் பழைய ‘குடித்தனம்’ சிடியில் வந்த காலத்திலிருந்து ஆடுகிறவன். அதனால் புதியதில் நல்லது எதுவும் இல்லை என்று சாதிக்கமாட்டேன். மழை பெய்தால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் இறங்குவது அசலாக இருக்கிறது. கொடியில் காயும் துணி காற்றுக்கு ஆடுகிறது. பழையதில் சமையலறைக் கதவை வேகமாகத் திறந்தால் ஆள் சுவருக்குள் மாட்டிக்கொள்வார், பாதி உடம்பு அடுப்பில் இருக்கும். அது இப்போது இல்லை. சந்தோஷம்.

ஆனால் பழையதில் ஒரு குணம் இருந்தது. அந்த ஆட்கள் சொன்னால் செய்வார்கள், சொல்லாவிட்டால் நிற்பார்கள். மேஜைமேல் ஒரு தட்டு இருந்தால், யாரோ ஒருவர் கை வைத்துத்தான் அது அங்கே வந்திருக்க வேண்டும். அந்த ஒரு குணத்தை நம்பித்தான் அக்காவும் நானும் அந்த வீட்டை நடத்தினோம்.

அக்கா என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நகரத்தின் மறுகோடியில், பாலத்துக்கு அந்தப் பக்கம், சலவைக் கடை வைத்திருக்கிறாள். எங்கள் இருவருக்கும் விளையாட்டில் ஒரே கணக்கு, ஒரே வீடு. ஒருவர் மூடினால்தான் இன்னொருவர் திறக்க முடியும். அவள் காலையில் கடை திறப்பதற்கு முன் ஆடுவாள், நான் வேலை விட்டு வந்து ஆடுவேன். வீட்டில் ஒரு அக்கா, ஒரு தம்பி. தம்பிக்குத் தொப்பை வைத்தது அவள். காலையில் அவள் ஆள் சமைத்து, என் ஆளுக்கு ஒரு தட்டில் போட்டு, இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி மேஜைமேல் வைத்துவிட்டுப் போவாள். சாயங்காலம் என் ஆள் சாப்பிட்டு, தட்டைக் கழுவிவிட்டு, மாடிப்படியில் அவள் வைத்திருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவான். வருஷக்கணக்காக இதேதான். இதில் என்ன சுவாரசியம் என்று என் மனைவி கேட்பாள். சுவாரசியம் என்று யார் சொன்னது?

போன மழைக்காலத்தில் எங்களுக்குள் பேச்சு நின்றது. காரணத்தையும் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களாக ஒன்றைக் கற்பனை செய்துகொள்வீர்கள்.

பாலத்து இறக்கத்தில், அக்கா கடைக்கு எதிரே, ஒரு பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அங்கே பேருந்து நிற்கவில்லை என்று அக்கா எங்கள் நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். கொட்டுகிற மழையில், வலிக்கிற காலோடு, அடுத்த நிறுத்தத்திலிருந்து நடந்து வந்திருக்கிறாள். கடிதம் என் மேஜைக்கு வந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. எங்களிடம் அச்சடித்த பதில்கள் மூன்று வகை. தாமதத்துக்கு ஒன்று, நிறுத்தாமல் போனதற்கு ஒன்று, நடத்துநரின் வாய்க்கு ஒன்று. சொந்தக்காரர் என்பதற்காகத் தனிப் பதில் எழுதக்கூடாது என்பது விதி. இரண்டாவது வகையை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

அது கிடைத்த அன்றே போன் வந்தது.

“ஏன்டா, ‘அன்புள்ள பயணி அவர்களே’ன்னு எழுதியிருக்கியே, நான் உனக்குப் பயணியாடா?”

“அக்கா, அது ஆபீஸ் கடுதாசிக்கா. எல்லாருக்கும் அப்படித்தான் போகும்.”

“எல்லாரும் உன்ன இடுப்புல தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போனாங்களா?”

“விதின்னு ஒண்ணு இருக்குல்ல…”

“சரிங்க சார். தங்கள் பதிலுக்கு நன்றி.”

வைத்துவிட்டாள். அத்தோடு சரி.

பேச்சு நின்றதே தவிர, தட்டு நிற்கவில்லை. மறுநாள் பயந்துகொண்டே விளையாட்டைத் திறந்தேன். மேஜைமேல் தட்டு இருந்தது, மூடியிருந்தது. அதற்குப் பிறகும் தினமும் இருந்தது. ஒரே ஒரு நாள் மூடாமல் இருந்தது. எனக்கு மனசு சரியில்லை. மனைவியை விட்டு அத்தானுக்குப் போன் போடச் சொன்னேன். அக்காவுக்கு நல்ல காய்ச்சல் என்றார். உங்கள் விளையாட்டில் ஒரு மூடி இல்லாததை வைத்து இங்கே காய்ச்சலைக் கண்டுபிடித்தோம். இதை நீங்கள் விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம், ஆட்சேபம் இல்லை.

இந்த நிலையில்தான் பழையதை மூடுகிறோம் என்றும், எல்லா வீடுகளும் ‘குடித்தனம் இரண்டு’க்கு மாற்றப்படும் என்றும் அறிவித்தீர்கள். “உங்கள் குடும்பத்தினர் இனி சுயமாகச் சிந்திப்பார்கள்” என்று பெரிதாக வேறு போட்டிருந்தீர்கள்.

சிந்தித்தார்கள். நான் திறப்பதற்குள் என் ஆள் குளிர்சாதனப் பெட்டிமுன் நின்றபடியே எதையோ தின்று முடித்திருந்தான். தட்டு தானாகக் கழுவிக்கொண்டது. செடிக்குத் தானாகத் தண்ணீர் போனது. செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், பெண் பார்க்க வந்தவன்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆள் யாரும் சொல்லாமல் கண்ணாடிமுன் நின்று தசையை முறுக்கிக் காட்டினான். அந்தத் தொப்பையோடு. இதற்கா சுயசிந்தனை?

அந்த வாரம் முடிவதற்குள் ஒரு நாள் திரையில் அறிவிப்பு வந்தது. “பேச்சுவார்த்தை இல்லாததால் உறவு நலிந்தது. அக்கா வெளியேறினார்.” அவள் அறை காலியாக இருந்தது. செடிகள் மட்டும் படியில் நின்றன.

மறுநாள் அத்தானே கூப்பிட்டார்.

“என்ன மச்சான் பண்ணி வச்சிருக்கே?”

“நான் ஒண்ணும் பண்ணல அத்தான்.”

“காலையில கம்ப்யூட்டரத் தெறந்தா, ஏதோ ஒரு ரூம்ல பெட்டியும் கையுமா நிக்கிறாளாம். ஒரு கட்டில்கூட இல்லையாம். ‘பேசாம இருந்தான், சரி. அதுலேர்ந்தும் தொரத்திட்டானா’ன்னு கேக்குறா. காப்பி ஆறிப்போச்சு, குடிக்கவே இல்ல.”

“அது கேம் தானாப் பண்ணது அத்தான்.”

“நானும் அதத்தான் சொன்னேன். ‘கேமுக்கும் எனக்கும் என்ன பங்காளிச் சண்டையா’ங்குறா. ‘அவன் பண்ணலைன்னா எழுத்துல காட்டட்டும், பாக்கலாம்’னா.”

எழுத்தில் என்று அவள் கேட்டதில் எனக்கு வியப்பில்லை. நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அதனால்தான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். பிறகு இரண்டாவது. அதன் பிறகு உங்கள் உதவி மையத்துக்குப் போன் போட்டேன். நெடுநேரம் பாட்டுப் போட்டீர்கள். ஒரு பெண் எடுத்தாள்.

“வணக்கம் சார், உங்க பிரச்சனை என்ன சார்?”

“எங்க அக்கா வீட்ட விட்டுப் போயிட்டாங்கம்மா.”

“சார், இது கேம் கம்பெனி சார்.”

“தெரியும்மா. கேம்லதான் போயிட்டாங்க.”

“ஓ. அவங்களோட உறவு மதிப்பெண் எவ்வளவு சார் இருந்துச்சு?”

“எனக்கு அக்காம்மா அவங்க. அதுக்கு எதுக்கு மதிப்பெண்?”

“இல்ல சார், மேல இதயம் மாதிரி ஒண்ணு இருக்கும். அது காலியாச்சுன்னா போயிடுவாங்க. நீங்க அப்பப்போ க்ளிக் பண்ணி ‘பேசு’ குடுத்திருக்கணும்.”

“பேசலைன்னா வீட்ட விட்டுப் போயிடறதா? எந்த வீட்லம்மா அப்படி நடக்குது? உங்க வீட்ல எல்லாரும் எல்லார்கிட்டயும் பேசறாங்களா?”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “எங்க அப்பாவும் சித்தப்பாவும் ரொம்ப வருஷமாப் பேசறதில்ல சார்.”

“ஒரே வீடா?”

“மாடியும் கீழயும்.”

“யாராவது பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்புனாங்களா?”

“இல்ல சார். தண்ணி மோட்டார் சித்தப்பாதான் போடுவாரு. ரெண்டு வீட்டுக்கும் சேத்து.”

“அப்படிப் போடும்மா. அத அப்படியே உங்க மேலதிகாரிக்கு எழுது.”

“எழுதறேன் சார்.” பக்கத்தில் யாரோ வந்திருக்க வேண்டும். சட்டென்று குரல் மாறியது. “உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம் சார்.”

அந்தப் பெண்ணின்மேல் குற்றமில்லை. அவளுக்கு இதனால் தொந்தரவு வரக்கூடாது.

நானாகவும் முயன்று பார்த்தேன். என் ஆளை ஒரு தட்டோடு அக்கா ஆள் இருக்கும் அறைக்கு அனுப்பினேன். “பிறர் வீட்டில் பொருள் வைக்க அனுமதி இல்லை” என்றது. பதிலாகப் பரிசு அனுப்பலாம் என்று ஒரு கடையைத் திறந்து காட்டியது. கரடிப் பொம்மை, இதய வடிவில் பலூன், “மன்னிச்சுடு செல்லம்” என்று எழுதிய அட்டை. அவள் எனக்கு அக்கா. அறுபதை நெருங்குகிறவள். நான் அதையெல்லாம் மூடிவிட்டு வருவதற்குள் என் ஆள் அவள் வாசலில் நின்று, தட்டில் இருந்ததைத் தானே தின்றுவிட்டான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“என்னங்க, போன எடுத்து ‘நான் தொரத்தலக்கா’ன்னு ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது. இதுக்குக் கம்பெனிக்காரன் சர்ட்டிபிகேட் குடுக்கணுமா?”

“அவ எழுத்துல கேட்டிருக்கா.”

“அவங்க எழுத்துல கேப்பாங்க, நீங்க எழுத்துல குடுப்பீங்க. வாய எதுக்குத்தான் வச்சிருக்கீங்க ரெண்டு பேரும், தபால்தலை ஒட்டவா?”

இதுவரை வீட்டில் எழுதியது. இதை அப்படியே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உங்கள் இரண்டு பதில்களையும் எடுத்துக்கொண்டு, இன்று விடுமுறை என்பதால் கிளம்பிவிட்டேன். இனி எழுதுவது அக்கா கடையில், இஸ்திரி மேஜைமேல். எழுத்து கொஞ்சம் மேடுபள்ளமாக இருக்கும். அடியில் போர்வை விரித்திருக்கிறது.

எங்கள் நிறுவனப் பேருந்தில்தான் வந்தேன். பாலம் ஏறியதும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறக்கத்தில் நிறுத்தப் பலகை வந்தது, அக்கா கடையின் பெயர்ப்பலகை வந்தது, இரண்டும் போய்விட்டன.

“நிறுத்துங்க, நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

“எறக்கத்துல நிக்காது சார்” என்றார் நடத்துநர். “அடுத்த ஸ்டாப்ல எறங்கிக்குங்க.”

“போர்டு இருக்கே.”

“போர்டு இருக்கு சார். பஸ் நிக்காது.”

“நான் புகார் குடுப்பேன்.”

“தாராளமாக் குடுங்க. அழகாப் பதில் போடுவாங்க.”

பின்னால் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் யாரென்று சொல்லிக்கொள்ளவில்லை. பெட்ரோல் பங்க் தாண்டி இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து திரும்பி மேட்டில் நடக்க வேண்டும். ஓரத்தில் நடைபாதை என்று ஒன்றும் இல்லை. ஒவ்வொரு லாரி போகும்போதும் சுவரோடு ஒட்டி நின்று, சட்டையெல்லாம் சுண்ணாம்பும் புழுதியுமாக வந்து சேர்ந்தேன்.

அக்கா கல்லாவுக்குப் பின்னால், வலது காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொண்டு, துணிகளுக்கு எண் சீட்டுக் குத்திக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள். நிமிரவில்லை.

“துணி போடவா, வாங்கவா?”

“அக்கா.”

“வாங்கறதுன்னா சீட்டு வேணும்.”

சீட்டு இல்லை. உங்கள் பதிலைத்தான் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். “‘…எங்களுக்கு மிகவும் முக்கியம். உரிய பிரிவின் கவனத்துக்கு…’ டேய், இது நீ எழுதுனதுடா.”

“இல்லக்கா. கேம் கம்பெனிக்காரங்க எனக்கு அனுப்புனது.”

“வார்த்தைக்கு வார்த்த உன்னுதுதான். அங்க பாரு.”

இஸ்திரி மேஜைக்கு மேலே சுவரில், என் பதிலை ஆணியில் குத்தி வைத்திருந்தாள். நீராவி பட்டுப் பட்டு விளிம்பெல்லாம் சுருண்டிருந்தது. வருகிற வாடிக்கையாளர் எல்லாரும் பார்த்திருப்பார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

“என்னப் பயணின்னு போட்டே. உன்ன வீரர்னு போட்டிருக்கான். பரவால்லடா, உனக்கு மரியாத கொஞ்சம் கூடத்தான்.” பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “என்னடா கோலம் இது? சுண்ணாம்படிக்கிற வேலைக்குச் சேந்துட்டியா?”

“பஸ் நிக்கலக்கா.”

“எங்க நிக்கல?”

“இங்கதான். எதுத்தாப்ல.”

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. குண்டூசி டப்பா கீழே விழுந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு “ஐயோ வலிக்குதே” என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள். உள்ளே வெந்நீர்ப் பாய்லர் பக்கத்திலிருந்து அத்தான் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டார்.

“எழுதிக் குடுடா. உங்க ஆபீஸ்ல ஒரு எழுத்தர் இருக்கான், தங்கமான மனுஷன். ஒடனே பதில் போட்டுருவான்.”

நான் கீழே உட்கார்ந்து குண்டூசிகளைப் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

“நான் தொரத்தலக்கா.”

“எழுத்துல இருக்கா?”

“இல்ல.”

“ம்.”

அந்த ‘ம்’முக்கு என்ன அர்த்தம் என்று தெரிவதற்குள், யாரோ கோட்டில் கறை போகவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டார். அக்கா காலை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள். போவதற்கு முன், அத்தான் அவளுக்குக் கொண்டுவந்திருந்த மதியச் சாப்பாட்டில் பாதியை ஒரு தட்டில் தள்ளினாள். இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினாள். என் பக்கம் தள்ளிவிட்டுக் கறைக்காரரைப் பார்க்கப் போய்விட்டாள்.

நான் சாப்பிட்டேன். பாய்லர் பக்கத்துக் குழாயில் இரண்டு தட்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

அவள் திரும்பி வந்து தட்டைப் பார்த்தாள். பிறகு என் பையில் துருத்திக்கொண்டிருந்த இந்தக் கடிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்தாள். தொப்பை விஷயம் வந்த இடத்தில் “அது இருக்கறதத்தானே வச்சேன்” என்றாள். காய்ச்சல் விஷயம் வந்த பக்கத்தை மட்டும் இரண்டு தரம் படித்தாள் என்று நினைக்கிறேன். முடித்துவிட்டு என்னிடம் நீட்டினாள்.

“எல்லாம் சரியா இருக்கு. கோரிக்கை எங்க?”

“மொதல்லயே எழுதிட்டேனே, நான் அனுப்பலைன்னு ஒரு வரி…”

“அது இப்ப எதுக்கு? அத அடி.”

“அப்ப நம்புறியா?”

“பெரிய இவன். அடிடான்னா.”

நான் அடிக்கவில்லை. அடித்தல் திருத்தல் இருந்தால் கடிதத்துக்கு மதிப்பில்லை. அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று இங்கே எழுதுகிறேன். அதற்குப் பதிலாக, அக்கா சொல்லச் சொல்லக் கீழே உள்ளதை எழுதுகிறேன்.

எங்கள் வீட்டுக்கு அந்த இதயம் வேண்டாம். எடுத்துவிடுங்கள். பேசாதவர்கள் ஒரே வீட்டில் இருக்கலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று ஒரு வசதி செய்யுங்கள். தட்டை நாங்களே கழுவிக்கொள்கிறோம். செடிக்கு நாங்களே தண்ணீர் ஊற்றிக்கொள்கிறோம். அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் காலையிலும் சாயங்காலமும் நானே ஊற்றுவேன், ஏற்பாடு ஆகிவிட்டது. ஒருவர் வீட்டில் இன்னொருவர் தட்டு வைக்க முடியாது என்ற விதியை யார் போட்டார்களோ அவரை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்றும் அக்கா சொல்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்டேன். எழுது என்றாள்.

‘பேசு’ பொத்தானை இரண்டு தடவை அமுக்கினால் அவள் ஆள் உடனே வீட்டுக்கு வந்துவிடுவாள் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். கடைக் கம்ப்யூட்டர் இதோ பக்கத்தில்தான் இருக்கிறது. நான் கை வைக்கப் போனேன். அக்கா தடுத்துவிட்டாள்.

“நானாத் திரும்பி வந்தா, நானாப் போன மாதிரி ஆயிடும். அவங்கதானே அனுப்புனாங்க? அவங்களே கூட்டிட்டு வந்து விடட்டும்.”

இதில் அவள் இறங்கி வரமாட்டாள். எனக்குத் தெரியும். ஆகையால் முடிவு உங்கள் கையில்.

பதிலை அச்சடித்து அனுப்பாதீர்கள். யாராவது ஒருவர் உட்கார்ந்து எழுதுங்கள். பாலத்து இறக்க நிறுத்தத்தைப் பற்றி நானும் நாளைக்கு எங்கள் டிப்போ மேலாளருக்குக் கையால்தான் எழுதப்போகிறேன், சுண்ணாம்புச் சட்டையோடு நேரில் கொண்டுபோய்க் கொடுக்கப்போகிறேன். எனக்கும் அந்த மேஜையில்தான் வேலை, சிரமம் தெரியாமல் கேட்கவில்லை.

வீரர் அல்லாத,
தம்பி

அக்காவையும் கையெழுத்துப் போடச் சொன்னேன். பேனாவை வாங்கியவள், அதன் கீழே தானே எழுதிய வரிகள்:

தம்பி எழுதியது அத்தனையும் உண்மை. நீங்கள் யோசித்து முடிவெடுக்கும்வரை அந்த அறையில் ஒரு கட்டிலாவது போடுங்கள். வந்த நாளிலிருந்து அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். அவளுக்கும் முழங்கால் சரியில்லை.